மீதி

ஆண்டவரே,
உமக்குக் கட்டளையிட்டே பழகியவன் நான்.
வடகிழக்குக் காற்றை வெள்ளிக்கிழமைவரை கட்டி வையும்,
மீன் கூட்டத்தைக் கொஞ்சம் கரைப்பக்கம் தள்ளும்,
வங்கிக்காரன் மனதை இளக்கும்.
ஜெபம் என்று நான் சொன்னதெல்லாம்
மேல்தளத்தில் நின்று கீழே கத்தியதுதான்.
ஆமென் என்பது
உத்தரவின் அடியில் நான் போட்ட கையெழுத்து.

வாகுர் துறையில் கேட்டுப் பாரும்.
ஹானுஸ் என்றால் சுக்கான் என்பார்கள்.
சபைக்கூடத்தில் முன்வரிசை நாற்காலி எனக்கு.
பாட்டின் சுருதியை நான் எடுத்துக் கொடுத்தால்தான்
மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.
கூரைமேல் புல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதுகூட
என்னைக் கேட்டுத்தான் என்று
என் மனைவி மர்ஜுன் சிரிப்பாள்.
பாதிச் சிரிப்பு.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், ஒரு பிப்ரவரி.
கயிறெல்லாம் பனிக்கட்டி.
எய்டுன் கதவைத் தட்டிச் சொன்னான்,
"திரும்பிவிடலாம், ஹானுஸ்."
இன்னும் ஒரு வீச்சு, என்றேன்.
இயந்திரத்தின் வேகத்தையும் குறைக்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
அலை அடித்தது. ஆள் தவறினான்.
நான்கே சொல். அடித்தல் திருத்தல் இல்லை.
கடல்மேல் பழி போடுவது எளிது.
அது சாட்சிக்கூண்டில் ஏறாது.

பிறகு என் வலது கை நடுங்கத் தொடங்கியது.
டோர்ஷாவன் மருத்துவர் பெயர் வைத்தார், மாத்திரை தந்தார்,
படகோட்டும் உரிமத்தை மேசைமேல் வைக்கச் சொன்னார்.
வைத்தேன்.
அப்போதும் நான் எதையும் விட்டுக்கொடுத்ததாக நினைக்காதேயும்.
பிடுங்கினால் கொடுத்ததாகுமா?

ஒரு ஞாயிறு, கர்த்தருடைய பந்தி.
பாத்திரம் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.
கை ஆடியது. வெள்ளைச் சட்டைக் கையில் திராட்சரசம்.
பக்கத்தில் இருந்தவள் பாத்திரத்தை வாங்கி
என் உதட்டில் வைத்துப் பிடித்தாள்,
குழந்தைக்குப் பிடிப்பதுபோல.
எய்டுனின் மகள்.
அப்பாவின் அதே அகலமான கட்டைவிரல்.

விழுங்க முடியவில்லை.
மனந்திரும்புங்கள் என்ற வசனத்தை
எத்தனை முறை உரக்க வாசித்திருக்கிறேன்!
அதற்குள் திரும்பு என்றொரு சொல் இருப்பது
அன்றுதான் கேட்டது,
கதவைத் தட்டியவனின் குரலில்.

சுன்னிவாவின் வீட்டுக்கு நடந்தே போனேன்.
உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.
உட்கார் என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.
திரும்பலாம் என்றான், நான் கேட்கவில்லை,
அலை அல்ல, நான்.
கத்தி நிற்கவே இல்லை.
தோல் ஒரே நாடாவாக நீண்டு இறங்கிக்கொண்டிருந்தது.

மன்னித்தேன் என்பாள் என்று காத்திருந்தேன்.
அந்த வரியையும் நானே எழுதி வைத்திருந்தேன், ஆண்டவரே,
அவள் வாய்க்கு.
அவள் சொன்னது:
"அவ்வளவுதானா?
மீதியை எப்போது சொல்வாய்?"

மீதி இருக்கிறது.
உமக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரிந்தது?
விழுந்த பிறகு அவன் இரண்டுமுறை கூப்பிட்டான்.
முதல் குரலில் நான் சுக்கானை ஒடிக்கவில்லை.
வலை அறுந்துவிடுமே என்று
ஒரு மூச்சு நேரம்
கணக்குப் பார்த்தேன்.

பாவ அறிக்கையிலும்
சுக்கானைப் பிடித்தே வந்திருக்கிறேன்.

இதோ மறுபடி அவள் வாசலில்.
மழை படுக்கையாக அடிக்கிறது.
கை ஆடுகிறது, தட்டவே வேண்டாம்,
கதவில் வைத்தால் அதுவே தட்டும்.
அவள் என்ன சொல்வாள் என்று
இந்த முறை எழுதி வைக்கவில்லை.
துரத்தலாம். போலீசைக் கூப்பிடலாம்.
கத்தி அவள் கையில் இருக்கலாம்.

உம்முடைய சித்தம் என்று
சொல்ல வாய் வரவில்லை.
கையை மட்டும் கதவில் வைக்கிறேன்.